மூன்று மில்லிமீற்றர்

வான் என்றுதான் இதையும் சொல்வோம்.
மேலே இருக்கும் வான் பொத்துக்கொண்டால்
கீழே இருக்கும் இந்த வானைத் திறப்பார்கள்.
மாசியில் இரண்டும் வறண்டு கிடக்க
நோர்ட்டனுக்குக் கீழே
இடுப்பில் கயிறு கட்டி இறங்கினோம்
நானும் சிவனுவும்,
சுத்தியலால் தட்டித் தட்டி.

நல்ல கொங்கிறீட் ணங் என்னும்.
கெட்டது, பழுத்த பலாவைப் போல
தொப்.
ஒன்பதாம் பாளத்தில் தொப்.
அடுத்த அடியில் குழி, மணிக்கட்டு வரை.
உள்ளே கம்பி
அட்டை கடித்த காலாய்ச் சிவந்திருந்தது.

கல் உருண்டு இடித்ததா என்றேன்.
"கல் இல்லை, குமிழ்" என்றார் திலகசிறி.
அவர் தமிழ் கொஞ்சம் நொண்டும்,
கணக்கு நொண்டாது.
பாய்ந்து வரும் தண்ணீர்
சின்னப் படியொன்றில் தடுக்கினால்
காற்றுக்கூட இல்லாத குமிழ் கட்டுமாம்.
கொஞ்சம் தள்ளிப் போய் அது நசுங்கும்போது
உளி வைத்து அடித்த மாதிரி.
ஒரு குமிழ் ஒன்றும் செய்யாது.
ஒரு மழைக்கு எத்தனை கோடி!

"குழியைப் பார்க்காதே, மேலே பார்."
நாலடி மேலே, இணைப்பின்மீது
நேர்கோல் வைத்தார்.
இடையில் ஒரு காசு நுழைந்து
ஆடவும் செய்தது.
மூன்று மில்லிமீற்றர்.

அந்த இணைப்பை எனக்குத் தெரியும்.
நாலு வருடத்துக்கு முன்
தகடு சரியாய்க் குந்தவில்லை என்று தெரிந்தே
மஸ்கெலியா கடைசி பஸ்ஸைப் பிடிக்க
நான் பூசிவிட்டு ஓடிய இணைப்பு.
அன்றைக்கு பஸ்ஸில் இருக்க இடமும் கிடைத்தது.

சொல்லவில்லை.
கிறைண்டரை வாங்கி நானே பிடித்தேன்.
இரண்டு நாள்.
படி சரிவாகி, சரிவு இல்லாமலாகி,
மூக்கெல்லாம் வெள்ளைத் தூள்.
குழியைச் சதுரமாய் வெட்டி
சிலிக்காத் தூள் கலந்த கலவை இட்டு
நனைந்த சாக்கால் மூடி
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல
ஏழு நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

இன்னும் மேலே, குறுக்காக
ஒரு பள்ளம் வெட்டச் சொன்னார் திலகசிறி.
பக்கச் சுவரில் குழாய்.
எதற்கு?
"ஹுஸ்ம" என்றார். தமிழ்ச் சொல் வரவில்லை.
நெஞ்சை உப்பிக் காட்டினார்.
மூச்சு.
தண்ணீருக்குக் காற்றை ஊட்டிவிட்டால்
குமிழ் நசுங்கினாலும் மெத்தையில் நசுங்கும்.

வைகாசியில் வான் திறந்தது.
நுரைத்து வெள்ளையாய் வந்தது தண்ணீர்.
முந்தியெல்லாம் கடலை பொரிகிற சத்தம் கேட்கும்.
இப்போது குழாய் வாய் மட்டும்
ஊவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

குடையோடு பக்கத்தில் நின்றார் திலகசிறி.
அன்றைக்குப் பூசியது யார் என்று கேட்டால்
சொல்லிவிடலாம் என்று நின்றேன்.
அவர் கேட்டது
கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று.