மூன்றாம் பாகம், இரவுக்காட்சி

படம் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.
கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பார்ப்பவள் நான்,
துடைப்பத்தோடு, வாசல் திரைக்குப் பின்னால் நின்று.
தரை எப்படி என்று கேளுங்கள்.

நீலவல்லூறு முதல் பாகத்துக்குப்
பெரம்பூரே திரண்டு வந்தது.
கிழித்த காகிதம், செவ்வந்தி,
யாரோ உடைத்த தேங்காயின் ஓடு.
கற்பூர வாசனைக்கு மேனேஜர் கத்தினார்.

இரண்டாம் பாகத்தில் அவன் அழுதான்.
மழையில் அழுதான், மொட்டைமாடியில் அழுதான்,
உலகத்தின் பாரம் தன் தோளில் என்று
அவன் மூன்று முறை சொன்னது
கதவுக்கு வெளியே வரை கேட்டது.
தரை அவ்வளவு சுத்தம்.
பதினொரு பேர் வந்ததில் நாலு பேர் தூக்கம்.
ஒருவரைத் தட்டி எழுப்பினேன்:
"சார், உலகத்தக் காப்பாத்தியாச்சு, கிளம்புங்க."

இந்த வெள்ளி மூன்றாம் பாகம்.
சீக்கிரம் பெருக்கிவிட்டு
கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றாள் சுகந்தி.

இடைவேளைக்கு முன்பே உள்ளே ஏதோ வெடித்தது.
ஓடிப்போய்ப் பார்த்தால், சிரிப்பு.
திரையில் அவன்,
பாலத்தை ஒற்றைக் கையில் தூக்கியவன்,
அங்கியின் நுனி 29சி கதவில் மாட்டிப்
படிக்கட்டில் தொங்குகிறான்.
"எங்க ஏறின?" என்கிறார் கண்டக்டர்.
வானத்தைக் காட்டுகிறான்.
"அதுக்கு ஸ்டேஜ் இல்ல. டெர்மினஸ்லேர்ந்து போட்டுக்க.
சில்லறையா குடு."
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறான்.

அந்த முகம்!
இரண்டு படமாக ஒரு சுருக்கம் விழாத முகம்.
இப்போது அதை எனக்குத் தெரியும்,
தினமும் காலை பஸ்ஸில் பார்க்கிறேன்.

பிறகு தரை. ஐயோ, அந்தத் தரை.
வாயிலிருந்து பீறிட்ட கோலா,
எஃப் வரிசையில் தொடங்கி கே வரை பாப்கார்ன்,
ஒரு மூக்குக்கண்ணாடி, பாதி சமோசா,
ஊக்கு குத்திய நீலத் துண்டு
(எந்தப் பிள்ளையின் கழுத்திலிருந்து பறந்ததோ),
ஒற்றைச் செருப்பு, ஆண்கள் அளவு, ஒன்பது.

சுகந்தி திட்டினாள்.
எழுதினவனை, எடுத்தவனை, கண்டக்டரை.
திட்டிக்கொண்டே வந்தவள்
"ஸ்டேஜ் இல்லையாம்டி" என்று
துடைப்பத்தை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள்.
கடைசி பஸ் போயிற்று.
ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு முப்பது ரூபாய்,
அதை நீலவல்லூறா தரப்போகிறான்?

மறுநாள் செருப்பைத் தேடி ஒருவர் வந்தார்,
மற்ற காலில் பாத்ரூம் செருப்போடு.
மாற்றிக்கொண்டார். போகவில்லை.
போஸ்டரைப் பார்த்தார், சட்டைப்பையைத் தடவினார்,
கவுண்டருக்குள் ஒரு தாளை நீட்டினார்.

உள்ளிருந்த ஃபெரோஸ்,
பாவம், யோசிக்காமல் சொல்லிவிட்டான்:
"சில்லறையா குடுங்க."

அவ்வளவுதான்.
மறுபடி கழன்றது அந்தச் செருப்பு.