கருகாத ஒயில்

நானுஓயா குறுக்குவழி ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறதாம்,
வண்டி கேட்கமாட்டேன் என்கிறதாம்.
சொல்லிக்கொண்டே இறங்கினான் டெரன்ஸ் குணபாலன்,
ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்தியபடி.
உள்ளே அடகுக்கடையில் எண்ணிக் கொடுத்த மடிப்புக் கலையாத தாள்கள்.
"நுவரெலியாவுல காட்டியாச்சு அக்கா.
பொக்ஸ் முடிஞ்சிருச்சாம். வேற ஒண்ணு போடணுமாம்.
நீங்க கொஞ்சம் கொறச்சு செஞ்சு தாங்க."

முடிந்துவிட்டது என்பது
ஒரு நோயின் பெயர் இல்லை.
பதில் சொல்லாமல் போனட்டைத் தூக்கினேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கொரோலா.
பழைய ஓனர் ஒட்டிய புத்தர்,
இவன் தொங்கவிட்ட ஜெபமாலை,
இரண்டுக்கும் நடுவில் விரிசல் விட்ட கண்ணாடி.

ஓடவிட்டுக் காத்திருந்தேன்.
ரதல்லக் குளிரில் இரும்பு சூடேற நேரமெடுக்கும்.
ஆறிய ஒயிலிடம் கேட்டால் பொய் சொல்லும்.
பிறகு பிரேக்கை மிதித்து லீவரை
ஒவ்வொரு படியாக இறக்கி, ஏற்றி,
படிக்கு ஒரு மூச்சு நின்றேன்.
ரிவர்ஸில் ஒரு சின்ன உதை. உடனே.
டிரைவில் இன்னொன்று. உடனே.
செத்த பொக்ஸ் கூப்பிட்ட குரலுக்கு
இப்படித் திரும்பிப் பார்க்காது.

குச்சியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவி
வெள்ளைச் சீலையில் ஒரு சொட்டு.
பழசுதான். சிவப்பு மங்கி
சாயம் கூடின பிளேன்டீ நிறம்.
விரலிடையில் தேய்த்தேன், மணல் இல்லை.
மூக்கருகே கொண்டுபோனேன்.
கருகிய கிளட்ச் தட்டின் வாடை,
ரொட்டி தீய்ந்த வீட்டில்
அடுப்பை அணைத்த பிறகும் நிற்குமே, அப்படி.
அது இதில் இல்லை.

"எப்பயிருந்து?"
"ரெண்டு மாசம்."
"அதுக்கு முந்தி என்ன செஞ்சீங்க?"
"ஒண்ணும் செய்யல."
"ஒண்ணுமேவா?"
"வெலிமடையில திரொட்டல் கழட்டி கிளீன் பண்ணுனோம்.
அது எஞ்சின் வேலை அக்கா, இது கியர் பொக்ஸ்."

அங்கேதான் இருந்தது.
திரொட்டலிலிருந்து பொக்ஸுக்கு இறங்கும்
சைக்கிள் பிரேக் கம்பி தடிப்பில் ஒரு கேபிள்.
கழற்றியவன் மாட்டினான், இழுத்துக் கட்ட மறந்தான்.
டெரன்ஸ் எவ்வளவு அமுக்கினாலும்
கீழே போய்ச் சேர்ந்த செய்தி:
மெதுவாகத்தான் மிதிக்கிறார், சமதரைதான்.
பொக்ஸ் பாவம், நம்பிவிட்டது.
அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு
அவசரமாய் மேல் கியருக்குத் தாவி
ஏற்றத்தில் வழுக்கியது.

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
இரண்டு நாள் உள்ளே நிறுத்தி
பொக்ஸின் வெளிப்பக்கத்தைக் கழுவி பெயின்ட் அடித்தால்
கும்பிட்டுவிட்டுப் போவான்.
கராஜ் வாடகை மூன்று மாதம் நிற்கிறது.
பன்னிரண்டாம் நம்பர் சாவியைத் தேடினேன்,
கையிலேயே வைத்துக்கொண்டு.

இரண்டு நட். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினேன்.
பெடலை முழுசாக மிதித்துப் பிடிக்கச் சொன்னேன்.
கேபிள் உறைக்கும் மணிக்கும் இடையே
மயிரிழை மிஞ்சியது. போதும்.

"ஆயிரத்து ஐந்நூறு."
நான் எதிர்பார்த்த எதுவும் அவன் முகத்தில் வரவில்லை.
"அவ்வளவுதானா?" என்றான்,
யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல.
வளையலை வைத்தது முந்தாநாள் என்றான்,
என்னிடம் அல்ல.
"ரெண்டு மாசம் வழுக்கியிருக்கு. தட்டு தேஞ்சிருக்கலாம்.
திரும்ப இழுக்கலன்னா வாங்க," என்றேன்.
அதுவும் உண்மைதான்.

சீலையோடு ரோட்டில் நின்று கேட்டேன்.
முதல் வளைவு. ஒன்றை நீட்டிப் பிடித்தது.
இரண்டுக்கு மாறியது, கனமாக, வழுக்காமல்.
வால் விளக்கு மூடுபனிக்குள் போனது.
இனித்தான் செங்குத்து.
அந்த நேரம் பார்த்துத் தேயிலைக்குள் எங்கோ
பதுளை ரயில் ஹோர்ன் அடித்தது, நீளமாக.

அது ஓய்ந்தபோது
மேலே எந்தச் சத்தமும் இல்லை.
சீலையில் அந்தச் சொட்டு
இன்னும் விரிந்துகொண்டிருந்தது.