தொட்டியில் முக்க முடியாத கால்

செவ்வாய்க்கிழமை காலையில்
மூன்று காலால் வந்தான் வால்டியூப்.
முன்னங்கால் இடதை,
சுடுமணலில் வைத்துவிட்டவன் மாதிரி
தூக்கித் தூக்கி வைத்தான்.

எட்டு மாதக் குட்டி. கறுப்பு. ஒல்லி.
பெயர் வைத்தது நானில்லை,
சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த பயல்கள்.

மூன்றடைப்பு விலக்கில் பதினேழு வருசமாய்
பஞ்சர் ஒட்டுகிறேன்.
ஆணி, கண்ணாடி, பிளேடுத் துண்டு,
ஒருமுறை ஒரு மூக்குத்தித் திருகாணி,
என் விரலுக்குத் தப்பியது எதுவுமில்லை.
டியூபைத் தொட்டியில் முக்கினால்
ஓட்டை தானாகப் பேசும்.

காலை எப்படி முக்க?

முதலில் நல்ல காலைப் பிடித்துப் பார்த்தேன்.
நோவில்லாத பக்கம் எப்படி இருக்கும் என்று
கைக்குத் தெரிந்தால்தானே.
பிறகு இந்தக் கால்.
விரல் விரலாக,
விரலுக்கும் விரலுக்கும் நடுவில்,
நகத்தடியில்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.
உடைமுள் இல்லை. நெருஞ்சி இல்லை.
வெட்டு, வீக்கம், சூடு, ஒன்றுமில்லை.
காதுமடலில் ஓர் உண்ணி
காலுக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தது.
அவன் பாட்டுக்கு
என் மணிக்கட்டு வியர்வையை நக்கிக்கொண்டிருந்தான்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் குழச்சுப் பத்துப் போடும்"
என்றான் டீக்கடை நம்பிராஜன்.
"நடிக்கான் வே. ஒரு பொறையக் காட்டும், ஓடுவான்"
என்றார் செங்கல் லோடு டிரைவர்.
காட்டினேன். ஓடினான்.
தின்று முடித்துவிட்டு
நொண்டிக்கொண்டு திரும்பினான்.

மெடிக்கல் ஆல்வின்
மனுசருக்கான வலி மாத்திரையில் பாதியை ஒடித்து
தாளில் மடித்துத் தந்தான்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
கொடுக்கக் கை வரவில்லை.
லாரி டியூபுக்கு வெட்டின ஒட்டை
சைக்கிள் டியூபில் வைத்தால் என்ன ஆகும் என்று
எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை
இடது காலை ஒழுங்காய் ஊன்றினான்.
வலது காலைத் தூக்கினான்.
"பாத்தீரா, மறந்துபோய் மாத்தி நடிக்கான்!"
நம்பிராஜனோடு நானும் சிரித்தேன்.
பாதியில் நின்றுவிட்டது எனக்கு.
முன்சக்கரத்து ஓட்டை
ராத்திரியோடு ராத்திரியாய்ப் பின்சக்கரத்துக்குப் போய்
நான் கண்டதில்லை.

ஷட்டரை இறக்கினேன்.

நாங்குநேரி கால்நடை ஆஸ்பத்திரி.
எங்களுக்கு முன்னால் ஏழு ஆடு, ஒரு கன்று,
கூடைக்குள் கண்ணை மூடின சேவல்.
டாக்டரம்மா அவனைத் தொடவே இல்லை முதலில்.
"நடக்க விடுங்க."
வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும்
நானும் அவனும் நடந்தோம்,
கல்யாண வீட்டில் தெரியாத ஆட்கள் நடப்பது போல.
பிறகு மூட்டையெல்லாம் மடக்கிப் பார்த்துவிட்டு
எலும்பின் நடுத்தண்டில் பெருவிரலை வைத்து அமுக்கினார்.
கத்தினான் பாருங்கள்,
கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டது.

"முள்ளுமில்ல, முறிவுமில்ல.
வளர்ற எலும்புக்குள்ள வலி மாதிரி இருக்கு.
கால் மாத்திக் கால் வரும், பைய போயிரும்.
உண்ணிக் காய்ச்சலான்னு ரத்தமும் பாத்துருவோம்.
அதுவரை ஓடவிடாதீங்க, குதிக்கவிடாதீங்க.
மனுச மாத்திரை எதுவும் குடுத்தீங்களா?"
இல்லை என்றேன்.
சட்டைப்பை கனத்தது.

ரத்தத்தில் ஒன்றுமில்லை.
எடை பார்த்துத் தந்த மருந்து, ரெண்டு வேளை, சோற்றுக்குப் பிறகு.
பழைய லாரி டயருக்குள் சாக்கு விரித்து
அவனைக் கட்டிப்போட்டிருக்கிறேன்.
நாகர்கோவில் பஸ் போகும்போதெல்லாம் எழும்புகிறான்.
கயிறு இழுக்கிறது. உட்காருகிறான்.
என்னைப் பார்க்கிறான்,
நான்தான் ஓட்டை போட்டவன் மாதிரி.

தேய்க்க உப்புத்தாள் இல்லை, ஒட்டப் பசை இல்லை.
சும்மா பக்கத்தில் இருப்பது
எனக்குத் தெரியாத தொழில்.

இன்று காலை பின்னங்கால், இடது.
சுவரில் சாக்பீஸால்
மூன்றாவது கோடு போட்டேன்.
இன்னும் ஒரு கால் பாக்கி.