பனிக்கு ஒரு நிரல்

வலயக் கல்வி அலுவலகம் அனுப்பிய படிவத்தில்
இரண்டு கட்டங்கள்தாம்:
வெற்றி. தோல்வி.
பதினெட்டு வருடப் பயிற்றுநர் வேலைக்கு
அவ்வளவு இடம் போதுமாம்.

என் ஸ்கோர் கொப்பியில் மூன்று நிரல்.
மூன்றாவது, நானே அடிமட்டம் வைத்துக் கீறியது:
பனி.

வெற்றி நாற்பத்தொன்று.
தோல்வி நூற்றியாறு.
பனி முப்பத்தேழு.

தலவாக்கலையில் மூன்று மணிக்கு மேல்
பிச்சர் கையை உயர்த்துவது தெரியும்.
பிறகு கை தெரியாது.
பந்து மட்டும் வரும்
வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளையாய், நெஞ்சுக்கு நேரே.
அதைப் பிடிக்கிறவளாய் இருந்தேன். கெட்சர்.
எட்டுப் பேரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க
நான் ஒருத்தி மட்டும்
அவர்களைப் பார்த்துக் குந்தியிருப்பேன்.

கையுறை ஜப்பானிலிருந்து வந்த பெட்டியில் கிடைத்தது.
உள்ளே மையால் யாரோ ஒரு பிள்ளையின் பெயர்.
வாசிக்கத் தெரியாது.
எட்டு வருடம் அந்தப் பெயருக்குள் கைவிட்டு விளையாடினேன்.
வியர்வைக்கும் அது அழியவில்லை.
வெளியே நான் எழுதிய 'கனகாம்பிகை'தான்
முதல் மழையிலேயே போய்விட்டது.

தேசிய அணித் தெரிவு, ஒரே ஒரு தடவை.
வட்டவளையில் மண் சரிந்து
ரயில் ஏழு மணித்தியாலம் நின்றது.
கொழும்பில் போய் இறங்கியபோது
மைதானத்தில் லைட் எரிந்தது;
வேறு யாரோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
கடைசிவரை இருந்து பார்த்தேன். நல்ல மட்ச்தான்.

பிறகு கல்லூரியில் பயிற்றுநர்.
மாதம் ஆறாயிரம், வந்தால்.
உரபேக்கில் மண் நிரப்பி மூன்று பேஸ்.
இடப்பக்கம் அடித்தால் தேயிலை,
வலப்பக்கம் அடித்தால் நீர்த்தேக்கம்.
தண்ணீர் எதையும் திருப்பித் தராது.
தேயிலைக்குள் விழுந்ததைக்
கொழுந்து எடுப்பவர்கள் எறிவார்கள்.
பத்தாம் நம்பர் மலையில் ஒருத்தி,
கூடையை இறக்காமலே
நேரே ஹோமுக்கு எறிவாள், ஒரு துள்ளல் இல்லாமல்.
அப்படி ஒரு கை என் அணியில் இருந்ததே இல்லை.
பெயராவது கேட்போம் என்று ஒருநாள் ஏறிப்போனேன்.
குவைத் போய் ஒரு மாதம் என்றார்கள்.

முழங்கால் இரண்டும் போய்விட்டன.
டிக்கோயா ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயைப் பார்த்தபடியே டொக்டர் கேட்டார்:
"எத்தன வருசம் கொழுந்து எடுத்தீங்க?"
இல்ல டொக்டர், பேஸ்போல்.
சிரித்தார். துண்டில் எழுதினார்:
தோட்டத் தொழிலாளி.

படிவம் நாளைக்குப் போகவேண்டும்.
ஒரு மட்ச் மட்டும் இடிக்கிறது.

கடைசி இன்னிங்ஸ். நல்ல பனி.
எதிரணிப் பிள்ளை சறுக்கி வந்து ஹோமில் விழுந்தது
சத்தமாய் மட்டும் கேட்டது.
நடுவருக்கு எதுவும் தெரியவில்லை.
எங்கள் கெட்சர் யசோதினியிடமே கேட்டார்:
"தொட்டியா?"
அவள் என் பக்கம் திரும்பினாள்.
நான் குனிந்து
அவிழாத சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன்.
"இல்ல சேர்" என்றாள்.

அதை எந்த நிரலில் போட்டேன் என்று
இப்போது தேடிப் பார்க்கிறேன்.
பென்சிலால் எழுதி
அழித்து
மறுபடி எழுதியிருக்கிறேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்து
அடுத்த பக்கம் தெரிகிறது.