ஒன்பது பக்க ஏரி

சைமா ஏரிக்கரையில் பத்து நாள் எழுத்து முகாம்.
பதினொரு பேர். ஆளுக்கொரு பென்சில்.
கொசுவுக்குக் கணக்கில்லை.

பொய் எழுதலாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள்,
தொட்டால் கையில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தாவெத்தி கரடியை எழுதினான்.
மூன்றாம் வரியிலேயே
கரடிக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஹில்ப்பா ஏரியை நீந்திக் கடந்தாள்,
ஒன்பது பக்கம்.
நடுவில் நீர் கறுத்துக் குளிர்ந்ததை,
பாசி கணுக்காலைப் பிடித்து
யார் வீட்டுப் பெண் என்று விசாரித்ததை,
எதிர்க்கரை பிர்ச் மரத்தில்
அவள் உள்ளங்கை ஈரம் காயாமல் இருந்ததை
அவள் வாசிக்க வாசிக்க
எங்களுக்கு மூச்சு வாங்கியது.
ஒருத்தி எழுந்துபோய்த் துண்டு எடுத்துவந்தாள்.

கடைசி நாள். இரவு மணி பத்து,
வெயில் இன்னும் கிளம்பவில்லை.
சௌனாவிலிருந்து சிவக்கச் சிவக்க ஓடிவந்து
தொப் தொப்பென்று குதித்தோம்.
படகுத்துறைப் பலகையில் அவள் மட்டும்
கால்விரல்களை மடக்கிக்கொண்டு.

"வாயேன், ஒன்பது பக்கம் நீந்தினவள்தானே!"

பிழை தேடுகிறவள் போல
ஏரியைப் பார்த்தாள்.
"இதில் ஆழம் அதிகம்,
கொஞ்சம் அடித்துத் திருத்தணும்."

யாரும் சிரிக்கவில்லை என்று எழுதினால்
ஒட்டாத பொய்.
சிரித்தோம்.

அப்புறம் தாவெத்தி
இடுப்பளவு நீரில் போய் நின்று
கையை அகல விரித்துச் சொன்னான்:
"இதுவரைக்கும் திருத்தியாச்சு. இறங்கு."