சோதனைப் பளு

மாட்டு வண்டிகளை நிறுத்தியாயிற்று.
சரளை மூட்டைகளும் தீர்ந்துவிட்டன.
இன்னும் நாலு டன் வேண்டும் என்றார் எஞ்சினியர்.
செந்த் ரோஸ் கரும்புத் தோட்டத்திலிருந்து
ஆட்களை வரவழைத்தார்கள்.

ஆளுக்கு அறுபது கிலோ என்று கணக்கு.
அறுபது கிலோ இருந்தால் கப்பல் ஏறியிருப்பேனா
என்றான் சடையப்பன்.

நடுப்பாலத்தில் எழுபது பேர்.
கால் சேர்த்து மிதிக்காதே,
இருமுவதென்றால் ஒவ்வொருத்தராய் இருமு,
கரையிலிருந்து கத்தினான் கங்காணி.
பலகை இடுக்கில் தெரிந்தது
எரிமலைக் கறுப்புப் பாறையும்
அதில் மண்டை உடையும் தண்ணீரும்.
கம்பிவடம் முனகிற்று.
நங்கூரக் கல்லுக்குள் எதுவோ
பல்லைக் கடித்துக்கொண்டது.

தூரக்கண்ணாடியில் அளவுகோலைப் பார்த்து
எழுதிக்கொண்டார் எஞ்சினியர்:
தொய்வு, ஒன்பது சென்டிமீட்டர்.

அரை மணி நேரம் அசையாமல் நிற்கவேண்டும்.
சும்மா நிற்பதற்கும் கூலி உண்டா என்று கேட்டாள் வெள்ளச்சி.
ஆறு மாத வயிறு.
அவளையும் ஒன்றென்றே எண்ணியிருந்தார்கள்.
உள்ளே புரண்டது
கணக்கில் வராத ஒரு கால் படி அரிசி எடை.

இறங்கினார்கள்.
பாலம் மெல்ல நிமிர்ந்தது.

வடங்களைச் சோதிக்கும் வேலை இப்போது எனக்கு.
லேசர் கருவியும் தலைக்கவசமும்
அந்தப் பழைய ஏட்டின் நகலுமாய் வருகிறேன்.
கடைசி வரி
மைக் கறைக்குக் கீழே இப்படி இருக்கிறது:
பளு நீங்கிய பின்னும்
இரண்டு மில்லிமீட்டர் திரும்பவில்லை.

காரணம் எழுதும் கட்டத்தில்
எஞ்சினியர் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.
இன்று காலையும் அளந்தேன்.
அங்கேயேதான் நிற்கிறது.