எண்ணூறு ரூபாய்

வளாகம் எங்கட வீட்டிலிருந்து ஆறேழு மைல்தான்.
விடுதியில் நிற்பேன் என்றாள் யதுர்ஷா.
மூன்று நாளில் நாலு தரம் தவமலர்
விடுதிப் பொறுப்பாளருக்குப் போன் அடித்தாள்:
பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது,
மழைக்கு மூச்சு இழுக்கும்.

நான் அடிக்கவில்லை. பெரிய மனிசன்.
ஆனால் நிலாவெளிப் பக்கம் ஓட்டமென்றால்
அரைக் காசுக்கும் போனேன்.
வளாக வாசலில் ஆட்டோ தானாக மெதுவாகும்.

வெள்ளிக்கிழமை, அடைமழை.
நாலு பெட்டையள் கை காட்டினார்கள்.
கொப்பியைத் தலையில் பிடித்தபடி மூன்றாவது
அவள்.

கண்ணாடியில் பார்த்தாள். பார்த்தேன்.
"பஸ் ஸ்டாண்ட்" என்றது வேறொரு குரல்.

உப்புவெளி மட்டும் ஒரே சிரிப்பு.
யாரோ விரிவுரையாளர் இருமுவதை
என் மகள் நடித்துக் காட்டினாள்.
அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்டதில்லை.
மூச்சு இழுக்கவில்லை;
காது கொடுத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

ஸ்டாண்டில் ஒரு மான்
லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு நின்றது.
"எவ்வளவு?"
கேட்டவள் அவள்தான்.
எண்ணூறு என்றேன்.
நாலு பேரும் சேர்த்துத் தந்ததை
எண்ணாமல் வாங்கினேன்.

இறங்குமுன்
சீட்டில் கிடந்த என் துவாயால் தலை துவட்டி
மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

இரவு அதைத் தவமலர் மணந்து பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல் கொடியில் போட்டாள்.
போன் மேசையிலேயே கிடந்தது.